மூன்றாம் வாக்கியத்தில் ஊர் தெரியும்

1.

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுக்கும் வடிவேல், "சொற்களைப் பற்றிய சுவையான செய்திகள்" என்று நான்கு பக்கம் கேட்டிருந்தார். வருடாவருடம் கேட்பார், நானும் கொடுப்பேன். அலமாரி போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல். கக்கூஸ் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. வக்கீலும் ஜாமீனும் வசூலும் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. இப்படி எழுதினால் வாசகர்களுக்கு மகிழ்ச்சி. யாருக்கும் வலிக்காது.

இந்த வருடமும் அப்படித்தான் தொடங்கினேன்:

"தில்லியில் பூட்டுக்கடைக்காரரிடம் சாபி என்கிறோம், வீட்டுக்கு வந்து சாவி என்கிறோம், இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது."

நல்ல வாக்கியம். அதற்கு அடுத்ததாக நான் எழுதியிருந்தது இது: "என் மகள் மாதுரி என்னிடம் தமிழில் பேசி ஏழு வருடங்கள் ஆகின்றன." அடித்தேன். அடித்ததற்குக் கீழேயே மறுபடியும் எழுதினேன். கட்டுரை அதோடு நின்றது.

2.

[முதல் முயற்சி] "வைத்தியநாதன் என்பவர் மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, சார்புச் செயலராக ஓய்வுபெற்று—"

இந்த "என்பவர்" வேண்டாம். அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். வைத்தியநாதன் நான்தான்.

எனக்கு ஒரு திறமை உண்டு. உண்டு என்று சொல்வதில் கூச்சமும் கிடையாது. ஒருவர் மூன்று வாக்கியம் பேசினால் அவர் எந்த மாவட்டம் என்று சொல்லிவிடுவேன். ஐந்தாறு வாக்கியம் பேசினால் தாலுகாவையே சொல்வேன். "அங்கிட்டு, இங்கிட்டு" என்று வந்தால் மதுரைப் பக்கம். "வந்தாவ, போனாவ" என்று மரியாதையை வினையின் வாலில் கட்டினால் திருநெல்வேலி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான் கேட்பது இவற்றுக்கும் கீழே, ஒருவர் வாக்கியத்தை எங்கே இழுக்கிறார், எங்கே முழுங்குகிறார் என்பதை.

தில்லியில் இந்தத் திறமைக்கு ஒரு பயன் இருந்தது. இங்கே யாருக்கும் யாருடைய தாத்தாவையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ப் பேச்சை, ஊரை விட்டு வந்த வருடத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறது. அறுபத்திரண்டில் கும்பகோணத்திலிருந்து கிளம்பிய வீட்டில் அறுபத்திரண்டின் கும்பகோணத் தமிழ்தான் இன்றும் கேட்கும். கும்பகோணத்தில்கூட அது இப்போது கிடைக்காது. அதனால் வரன் பார்க்கப் போகிறவர்கள் என்னையும் உடன் அழைத்துப் போவார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து காபி குடிப்பேன். திரும்பும் வழியில், "சொன்ன ஊர் சரிதான்" என்றோ, "இன்னொரு தரம் விசாரியுங்கோ" என்றோ சொல்வேன். பதினெட்டுக் குடும்பங்களுக்கு இதைச் செய்திருக்கிறேன்.

எனக்கு ஒரு விதி இருந்தது: நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நான் எதற்கு?

3.

இப்போது மற்றவர்கள் வர வேண்டும்.

என் மகளுக்கு நான்கு வயதாகும்போது அவள் அம்மா இறந்துவிட்டாள். பிறகு மாதுரியை வளர்த்தது தாயம்மாள். திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, நாலைந்து பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு குடிசைக் குடியிருப்பில் இருந்தவள். காலை ஏழு மணிக்கு வருவாள், நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் போவாள். பன்னிரண்டு வருடங்கள் அப்படி நடந்தது.

[தாயம்மாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் அவள் மிகவும் நல்லவளாக இருந்தாள். நல்லவள்தான். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியது, பார், உயர்வாக எழுதிவிட்டேன் என்று நான் நிம்மதி அடைவதற்காக.]

குழந்தையின் பேச்சில் தாயம்மாள் வந்துவிட்டாள். "இந்தாண்ட வா", "குந்து", "எத்தாந்தேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துத் திருத்துவேன். "இந்தாண்ட இல்லை, இந்தப் பக்கம்." பத்து வயதுக்குள் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையில் என் முன்னால் பேசுவதை மட்டும்தான் அவள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

மாதுரிக்கு இருபத்தொன்பது வயதானபோது ஜெயபால் என்ற பெயரைச் சொன்னாள். மெட்ரோவில் பொறியாளர். புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். அம்மாவின் பெயர் பவுனு. ஒரு ஞாயிறு பிற்பகல் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் அக்கா சியாமளாவும் இருந்தாள்.

4.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பகுதியில் எனக்குச் சந்தேகம் எதுவுமில்லை. என் காது அன்று நன்றாகத்தான் வேலை செய்தது.

சோபாவைக் காட்டினேன். பவுனு வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உள்ளே வந்து ஒக்காருங்கோ" என்றாள் சியாமளா.

"இல்லம்மா, எனுக்கு இந்தாண்டயே காத்து வருது."

இரண்டு வாக்கியங்கள்கூட முடியவில்லை. எனக்கு ஊர் தெரிந்துவிட்டது.

மாதுரி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பவுனு ஒரு வாய் குடித்துவிட்டு மகனைப் பார்த்தார். "என் காப்பிய கொற சொல்லுவியே. இத குடிச்சிப் பாரு."

"அதுல நீ பாதி சக்கரய கொட்டுவம்மா."

"சக்கர போட்டாத்தான்டா காப்பி. இல்லன்னா அது கஷாயம்."

மாதுரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "இருங்க, சக்கர எத்தாரேன்" என்றாள்.

பவுனு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தோ பாரு. நம்ம வூட்டுப் புள்ள மாதிரியே பேசுது. யாருகிட்டம்மா கத்துக்கின?"

"தாயம்மா. அவங்கதான் என்ன வளத்தாங்க. திண்டிவனத்தாண்ட."

"அப்ப நீ எங்கூருப் பொண்ணுதான் போ" என்று அந்த அம்மாள் மாதுரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் மகள் அப்படி யார் பக்கத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போகும்போது காலித் தம்ளர்களை எல்லாம் அந்த அம்மாளே அடுக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனார். மாதுரி வேண்டாம் என்று பின்னாலேயே ஓடினாள். உள்ளே இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு சியாமளா கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "என்னடா வைத்தி, இது யாராத்துப் பொண்ணுன்னு அவாளுக்கே சந்தேகம் வந்துடுத்து போலிருக்கே."

5.

[இங்கே ஒரு காரணம் தேவை. கதைகளில் மனிதர்கள் காரணத்தோடு தவறு செய்ய வேண்டும். நான்கு வரைவுகளில் நான் எழுதியிருந்த காரணம்: அவர்கள் ஊரைப் பற்றிப் பொய் சொன்னார்கள். ஜெயபால் கொடுத்திருந்த ஜாதகக் குறிப்பில் மதுரை என்று இருந்தது. அம்மாவின் பேச்சோ திண்டிவனம், செஞ்சி. பொய்யைச் சகித்துக்கொள்ளாத நேர்மையான தகப்பன். நான்கு வரைவுகளிலும் அவன் நன்றாக இருந்தான். சியாமளா சொன்ன வாக்கியம் அந்த வரைவுகளில் இல்லை.]

கோப்பில் குறிப்பு எழுதிப் பழகியவர்கள் எதையும் வாயால் முடிவு செய்வதில்லை. பத்தி பத்தியாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்டி, கடைசிப் பத்தியில் முடிவைச் சொல்லிக் கையெழுத்தும் தேதியும் போடுவோம். அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு ஒரு நகல் கொடுப்பது முறை. நான் முறையோடு வாழ்ந்தவன். அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். என் மேசையில் இருக்கும் பிரதியிலிருந்து சில பத்திகள்:

"3. தாயாரின் பேச்சில் 'இந்தாண்ட', 'வூட்டு', 'கத்துக்கின' ஆகிய வழக்குகள் காணப்படுகின்றன. இவை மதுரை வட்டாரத்துக்கு உரியவை அல்ல.

4. எனவே சொந்த ஊர் குறித்துத் தரப்பட்ட தகவல் உண்மைக்குப் புறம்பானது என்று கருத இடமுண்டு.

5. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து வாழ்ந்தவர் என்பது அவர் அமர்ந்த விதத்தாலும், தம்ளர்களைத் தாமே எடுத்துச் சென்றதாலும் விளங்குகிறது.

7. மேற்கண்ட காரணங்களால் இச்சம்பந்தம் நம் குடும்பத்துக்கு ஏற்றதன்று. நிராகரிக்கலாம்."

மடித்து உறையில் போட்டு, மேலே "மாதுரிக்கு" என்று எழுதி அவள் மேசையில் வைத்தேன். இன்றும் சொல்கிறேன், பிழையில்லாத தமிழ்.

6.

என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இந்த வாக்கியத்தைச் சங்கத்து நண்பர்கள் இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார்கள். மேடையில் தமிழைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவன் வீட்டுச் செய்தி இது. அரசுக் குவார்ட்டர்ஸ் பள்ளியில் இந்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் படித்தாள். நான் வீட்டுக்கு வர எட்டு மணியாகும். பேச்சைத் திருத்திய ஞாயிறுகளில் எழுத்தைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். என் வீட்டுப் பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். தன் பெயரை எழுதுவாள். ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். குறிப்பு எழுதிய அந்த மாலை இது என் நினைவிலேயே இல்லை. இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான்.

உறையைப் பார்த்ததும் சம்மதம்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தாளாம். வேண்டாம் என்றால் அப்பா முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாரே, இப்படி அழகாக உறையில் போட்டுக் கொடுத்திருக்க மாட்டாரே. அதனால் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனாள், ஜெயபாலைப் படிக்கச் சொல்லி இருவருமாகக் கேட்பதற்கு.

வடிவேல் கேட்ட சுவையான செய்திகளில் ஒன்றை இங்கே சேர்க்கிறேன். ராஜினாமா என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. இசைவைக் குறிக்கும் பத்திரம் என்று பொருள். இந்தியில் இன்றும் இரு தரப்பும் சமாதானமாகி எழுதிக்கொள்வதற்கு அதுதான் பெயர். தமிழில் அது வேலையை விட்டு விலகும் கடிதம் ஆகிவிட்டது. (இதை உவமையாக்கி ஒரு வாக்கியம் எழுதினேன். கெட்டிக்காரத்தனமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.)

7.

குறிப்பை அவர்கள் படித்த இடத்தில் நான் இல்லை. மாதுரி பிறகு சொன்ன சில வரிகளைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. முதலில் அவர்களை ஒரு பூங்காவில் உட்கார வைத்தேன். பிறகு மெட்ரோ நிலையத்தின் வெளிப் படிக்கட்டில். பூங்கா என்றால் மரங்களைப் பற்றி எழுத வேண்டிவரும், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்துவிடுவேன். படிக்கட்டே இருக்கட்டும். ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். அவர் உறையைப் பிரிக்கிறார்.

"எண்ணு போட்டு எழுதிக்கீறாரு" என்று சிரிக்கிறார். "ஆர்டர் மாதிரி."

"அவர் அப்படித்தான். படி."

முதல் இரண்டு பத்திகளில் ஒன்றும் இல்லை. வந்தவர்கள் பெயர், வந்த நேரம். மூன்றாவதைப் படித்து முடித்து நிறுத்துகிறார்.

"இது எங்கம்மா பத்தி."

"என்ன எழுதியிருக்கார்?"

"கேளு."

நான்காவது பத்தியைப் படித்ததும் சொல்கிறார்: "ஜாதகத்துல பொறந்த ஊருன்னுதான் போட்டிருந்தேன். அப்பாவுக்கு அந்த வருஷம் மதுரைல கொத்து வேல. அம்மா ஊர கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."

(பிறகு நான் அந்த ஜாதகக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "பிறந்த ஊர்" என்றுதான் இருந்தது. சொந்த ஊர் என்று ஒரு கட்டமே அதில் கிடையாது. ஆயிரம் படிவங்களைப் பார்த்தவன் நான்.)

ஐந்தாவது பத்தியில் மாதுரி "போதும்" என்கிறாள்.

"ரெண்டு பாராதான் பாக்கி. பாவம், கஷ்டப்பட்டு எழுதிக்கீறாரு."

குரலை மாற்றாமல் கடைசிவரை படித்தாராம். கையெழுத்தையும் தேதியையும்கூடப் படித்தாராம். பிறகு இருந்த மடிப்பிலேயே மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அதை மட்டும் மாதுரி எனக்கு அவர் பேசிய தமிழிலேயே சொன்னாள்:

"நாளைக்கு நம்ம வூட்டுக்கு உங்கப்பா வந்தா, எங்கம்மா எங்க குந்தும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மாவிடம் என்ன காரணம் சொன்னார் என்று தெரியாது. குறிப்பைப் பற்றிச் சொல்லவில்லை என்பது மட்டும் பின்னால் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாதுரி என் முன்னால் வந்து நின்றாள். "பட்வா லியா. பூரா கா பூரா." படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன், முழுவதையும் என்று பொருள். ஜெயபால் கேட்டதைச் சொல்லி முடித்ததும் மறுபடி இந்திக்குப் போனாள். அதன் பிறகு தமிழுக்குத் திரும்பி வரவில்லை.

8.

நியாயமாக இந்தப் பகுதியில் பழிவாங்கல் இருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாதுரி துவாரகாவில் தனி வீடு எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பதினொரு மணிக்கு வருகிறாள். மாத்திரை வாங்கி வருகிறாள். ஃபிரிட்ஜைத் துடைக்கிறாள். "ஆப்னே தவாயீ லீ?" என்று கேட்கிறாள். மருந்து சாப்பிட்டேன் என்று நான் தமிழில் சொல்கிறேன். "அச்சா" என்கிறாள்.

தமிழில் அவள் என்னை "நீ" என்பாள். "அப்பா, நீ சாப்ட்டியா?" எங்கள் வீட்டில் பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள். இந்தியில் "ஆப்", நீங்கள் என்கிறாள். வெளியாட்கள் கேட்டால் எவ்வளவு மரியாதையான பெண் என்பார்கள். நான் மரியாதையை விரும்பியவன். ஏழு வருடமாக எனக்கு அது குறைவில்லாமல் கிடைக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன், கிருத்திகை அன்று மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் பவுனுவைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவரே வந்துவிட்டார்.

"சார், நல்லாக்கீங்களா? மாதுரி எப்படிக்குது?"

"நன்னா இருக்கா."

"ஜெயபாலுக்குப் பொண்ணு பொறந்து ஒரு வருஷமாவுது. அந்த ரெண்டுக்கும் ஏன்தான் ஒத்து வரலியோ. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றான். நல்ல பொண்ணு சார் அது. நான் கேட்டன்னு சொல்லுங்க."

சரி என்றேன். அந்த அம்மாள் மெதுவாக மேலே ஏறிப் போனார். சொல்வதற்கு எனக்கு ஒரு வாக்கியம் இருந்தது. அதை மனசுக்குள் சரிசெய்து முடிப்பதற்குள் படியில் கூட்டம் வந்துவிட்டது.

அவர் கேட்டதாக மாதுரியிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

9.

முடிவுகள்.

(அ) மலர் அச்சாகிறது. மாதுரி வீட்டுக்கும் ஒரு பிரதி போகிறது. அவள் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடுகிறாள். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

(ஆ) நானே இதை இந்தியில் பெயர்த்துக் கொடுக்கிறேன். என் இந்தி நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் குறிப்பை நான் இந்தியில் எழுதவில்லை.

(இ) எதிரில் உட்கார வைத்து நானே படித்துக் காட்டுகிறேன். நேற்று யாரும் இல்லாதபோது உரக்கப் படித்துப் பார்த்தேன். நான்காம் பகுதியில் பவுனு பேசும் இடங்களை அவர் பேசியதுபோல என்னால் சொல்ல முடிந்தது. ஐந்தாம் பகுதியில், நான் எழுதிய பத்திகள் வரும் இடத்தில், தாளைக் கீழே வைத்துவிட்டேன். கடைசிவரை படிக்க அந்த இளைஞரால் முடிந்திருக்கிறது.

இன்று ஞாயிறு, மாதுரி பதினொரு மணிக்கு வருவாள். வடிவேல் காலையில் போன் செய்தார்.

"சார், நாளைக்கு அச்சுக்குப் போகுது. கட்டுரை?"

"கட்டுரை இல்லை, கதை."

"கதையா? நீங்களா?" உடனே தன் கவலைக்கு வந்தார். "சுவையான செய்திங்க இருக்கா சார் அதுல?"

"நாலஞ்சு இருக்கு."

"அப்பச் சரி. முடிச்சாச்சா?"

"இல்லை. முடிவு இல்லாமல்தான் வரும். கடைசியில் அரைப் பக்கம் வெறுமையாக விடணும்."

"நாளைக்குக் காலைல குடுங்களேன் சார், முடிவோடவே போட்டுடலாம்."

வேண்டாம் என்றேன். இன்று அவளுக்குப் படித்துக் காட்டுவது நல்லபடியாக நடந்தால் நாளை அதைப் பெருமையாக எழுதுவேன். நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று எண் போட்டு எழுதுவேன். எனக்கு என்னைத் தெரியும். மாதுரி உட்காருவாள் என்றோ, "ஜரூரத் நஹீ", தேவையில்லை என்று ஃபிரிட்ஜ் பக்கம் போய்விடுவாள் என்றோ எழுத எனக்கு இப்போது உரிமை இல்லை. ஒரு பெண் என்ன சொல்வாள் என்று கேட்காமலேயே ஏழு பத்தி எழுதி முடித்திருக்கிறேன். ஒரு தடவை போதும்.

அதனால் அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருந்தால் இரக்கப்பட்டு எழுதாதீர்கள். அவளைத் தெரிந்திருந்தால் அவளிடம் கேட்டு எழுதுங்கள். ஜெயபால், நீங்களும் சங்க உறுப்பினர்தான், மலர் உங்கள் வீட்டுக்கும் வரும். படிக்கச் சொல்லி உங்களை இன்னொரு முறை சிரமப்படுத்த மாட்டேன்.

"அரைப் பக்கம் சும்மா வுட்டா, அச்சுல ஏதோ விட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க சார்" என்றார் வடிவேல்.

நினைக்கட்டும் என்றேன்.